லாபத்தைச் சொல்லாத ஊரில் லாப ஸ்டேட்டஸ்

விருதுநகர் தெப்பக்குளத்தைச் சுற்றிய கடைத்தெருவில் சரக்கு விலை ஒருநாளும் ரகசியமாக இருந்ததில்லை. துவரம் பருப்பு, உளுந்து, வத்தல், நல்லெண்ணெய் இன்ன விலை என்று விருதுநகர் மார்க்கெட் நிலவரம் வாரந்தோறும் பத்திரிகையில் வரும். ஆனால் வாங்கியது என்ன விலைக்கு, மிஞ்சியது எவ்வளவு என்பது பேரேட்டுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் முதலாளிக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. “யாவாரம் எப்படி அண்ணாச்சி?” என்று கேட்டால் “ஏதோ ஓடுது” என்பார்கள். வத்தல் விலை எகிறிய வருஷத்திலும் அதே ஓட்டம்தான். கண்ணேறு, கடன் கேட்டு வரும் சொந்தக்காரர், வருமான வரி, அதே சரக்கை நாளைக்கே இறக்கிவிடக்கூடிய பக்கத்துக் கடைக்காரர் என்று வாயைக் கட்டக் காரணங்கள் இருந்தன. கடைசி ஆள்தான் பெரிய பயம் என்பது என் ஊகம்.

அப்படியும் யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஊருக்குத் தெரியாமல் போகவில்லை. மகமை காட்டிக்கொடுத்துவிடும். நாடார் சமூகச் சங்கங்களான உறவின்முறைகளில் அவரவர் வியாபாரத்துக்கு ஏற்ப ஒரு பங்கைப் பொதுவுக்குக் கொடுப்பது வழக்கம். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். இப்படிச் சேர்ந்த பொதுப்பணத்தில் வளர்ந்ததுதான் 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா, காமராஜர் படித்த பள்ளி. வருமானம் வெளியே தெரிந்தபோதெல்லாம் தெரியப்படுத்தியவரின் கையிலிருந்து பணம் போனது. இதை நினைவில் வையுங்கள்.

1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாகி, 2022 செப்டம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. அண்ணாச்சிகள் வாயே திறக்காத லாபத்தை, அவர்கள் சமூகம் கட்டிய வங்கி இன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை உலகத்துக்குச் சொல்கிறது. நல்ல காலாண்டு, மோசமான காலாண்டு என்று தேர்ந்தெடுத்துச் சொல்ல அதற்கு வழியில்லை.

இப்போது கல்லாவில் பேரன் தலைமுறை. ஒரு கையில் பில், மறு கையில் ஆப்ஷன் டிரேடிங் ஆப். மாலை மூன்றரைக்குச் சந்தை மூடியதும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பச்சை எழுத்தில் அன்றைய லாபம். சிவப்பு எழுத்து விழுந்த அன்று ஸ்டேட்டஸில் முருகன் படம். டெலிகிராமில் இவனுக்குக் குருமார்கள் உண்டு. அவர்களும் பச்சையைத்தான் காட்டுகிறார்கள், கீழே வகுப்புக் கட்டணத்தோடு.

பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஸ்டேட்டஸ்களை மட்டும் பார்ப்பவனுக்கு இந்த நாட்டில் யாருமே நஷ்டப்படவில்லை என்றுதான் தோன்றும். ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் பாடம் நடத்திய நசீருதீன் அன்சாரி மீது 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த உத்தரவு இதற்கு நல்ல சாட்சி. லாபத்தைக் காட்டி ஆள் சேர்த்தவரின் சொந்தக் கணக்கில் இரண்டரை ஆண்டில் சுமார் 2.9 கோடி ரூபாய் நிகர நஷ்டம் என்றது அந்த உத்தரவு. வகுப்புகள் வழியாக வசூலித்ததாகச் சொல்லி 17 கோடி ரூபாய்க்கு மேல் கட்டவும் சொன்னது.

சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டாசு விலைப்பட்டியலில் அச்சிட்ட விலையும் ‘80% தள்ளுபடி’யும் எதற்காக என்று சாத்தூர் சாலையில் கடை போட்ட எல்லோருக்கும் தெரியும். லாப ஸ்கிரீன்ஷாட்டும், ஆளை இழுக்க ஏற்றிப் போட்ட அந்த அச்சு விலை மாதிரிதான். (பட்டாசை ஆன்லைனில் விற்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டுவிட்டது. லாபக் கனவு விற்பனையோ நிற்கவில்லை. 2025 ஜனவரியில்தான், பாடம் நடத்துகிறவர்கள் கடைசி மூன்று மாதப் பங்கு விலைகளைக் காட்டக் கூடாது என்று செபி சொன்னது.)

பழைய மௌனம் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. நஷ்டத்தையும் அதே மௌனத்தில் புதைத்து, கடைசியில் மஞ்சக் கடுதாசி கொடுத்தபோது கைமாற்றுக் கொடுத்தவர்கள்தான் தெருவில் நின்றார்கள். ஆகவே வியாபாரி தன் கணக்கைப் பத்துப் பேருக்குக் காட்டட்டும், தப்பில்லை. வருஷம் முழுவதையும் காட்டட்டும், நஷ்டத்தோடு காட்டட்டும். அன்று வருமானத்தைக் காட்டியவர் மகமை கொடுத்தார், இன்று லாபத்தைக் காட்டுபவர் கட்டணம் வாங்குகிறார். கட்டணம் வாங்குகிறவரின் கணக்கை நாம் இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்ப்பதுதான் முறை.

தம்பிமார்களே, அடுத்த ஸ்கிரீன்ஷாட் வந்தால் அந்த ஆளிடம் இரண்டே இரண்டு கேளுங்கள்: வருமான வரிக்காகப் புரோக்கர் கொடுக்கும் முழு ஆண்டு லாப நஷ்ட அறிக்கை, செபி பதிவு எண். எண்ணைச் செபியின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். இரண்டும் வராவிட்டால் குழுவை விட்டு வெளியேறிவிட்டுக் கடை வேலையைப் பாருங்கள்.