மைதானத்தில் தப்பிச்சாங்க... ஆபீஸில் தோத்தாங்க! 114 வருஷ பிரேசியா கிளப்புக்கு என்ன ஆச்சு?

லீக் முடியும்போது ஒரு டீம் 15வது இடம். கீழ் டிவிஷனுக்குப் போகத் தேவையில்லை, ரசிகர்களும் நிம்மதியா வீட்டுக்குப் போயாச்சு. ஆனால் அதே மாதம் முடிவதற்குள் அந்த டீம் கீழே இறக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் கிளப்புக்குத் தொழில்முறை கால்பந்திலேயே இடமில்லை. இத்தாலியின் பிரேசியாவுக்கு 2025ல் நடந்தது இதுதான்.

ராபர்ட்டோ பாஜியோ தன் கடைசி நாலு சீசனை ஆடிய கிளப் இது. கார்டியோலாவும் இங்கே ஆடியிருக்கிறார். பிர்லோ, டோனாலி இருவரும் இந்த கிளப்பில் வளர்ந்தவர்கள்.

முதலில் ரூல் என்ன?

இத்தாலியின் இரண்டாவது டிவிஷனான சீரி பி-யில் 20 டீம். கடைசி 3 டீம் நேராக சீரி சி-க்குப் போகும். 16வது, 17வது இடத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள் 'பிளே-அவுட்' ஆடுவார்கள், தோற்பவர் கீழே.

2024-25 சீசன் மே 13ஆம் தேதி முடிந்தபோது பிரேசியாவுக்கு 43 புள்ளிகள். ஃப்ரோசினோனேவும் சலெர்னிட்டானாவும் பிளே-அவுட் ஆட வேண்டும். 41 புள்ளிகளுடன் 18வது இடம் பிடித்த சம்ப்டோரியா, தன் வரலாற்றிலேயே முதல்முறையாக சீரி சி-க்கு. 1991ல் இத்தாலி சாம்பியனான டீம் அது!

அப்படி என்ன தப்பு?

இத்தாலியில் அரசு தரும் வரிச் சலுகையை (கிட்டத்தட்ட ஒரு தள்ளுபடி கூப்பன் மாதிரி) வைத்திருப்பவர் இன்னொருவருக்கு விற்கலாம். வாங்கியவர் தான் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பிரேசியாவும் ஒரு நிறுவனத்திடம் அப்படி வாங்கி, வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்துக்கான வரியையும் சமூகப் பாதுகாப்புத் தொகையையும் கழித்தது. அந்தக் கூப்பனே செல்லாது என்றது வரித்துறை. அதாவது, பணம் கட்டவே இல்லை என்றுதான் கணக்கு.

தானே மோசடிக்கு ஆளானதாகச் சொன்னார் உரிமையாளர் மாசிமோ செலினோ. ஆனால் கட்ட வேண்டிய பணத்துக்கு கிளப்தான் பொறுப்பு. 4 புள்ளிகள் காலி. 43 என்பது 39 ஆனது, 15வது இடம் 18வது இடமானது.

இங்கேதான் நியாயமான ஒரு கேள்வி வருது. சீசன் நடுவிலேயே வெட்டியிருந்தால், மீட்க மேட்ச் இருந்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகு வெட்டினால் வீரர்கள் என்ன செய்ய முடியும்?

லாபம் யாருக்கு?

மே 19ல் நடக்க வேண்டிய பிளே-அவுட், முந்தைய நாள் நிறுத்தப்பட்டது. புது டேபிளில் ஃப்ரோசினோனே ஆடாமலேயே தப்பியது. சம்ப்டோரியாவுக்கு மறுஜென்மம். மாட்டியது சலெர்னிட்டானா. ஜூன் 15ல் ஜெனோவாவில் 2-0 தோல்வி. சொந்த மண்ணில் நடந்த இரண்டாவது மேட்சிலும் 2-0 பின்தங்க, ரசிகர்கள் மைதானத்துக்குள் பொருட்களை வீச, ஆட்டமே பாதியில் நின்றது. முந்தைய சீசனில்தான் சீரி ஏ-விலிருந்து இறங்கிய டீம், இப்போது சீரி சி-யில்.

பிரேசியா கதை அத்தோடும் நிற்கலை. அடுத்த சீசனுக்குப் பதிவு செய்ய ஜூன் 6க்குள் பாக்கியைக் கட்டியிருக்க வேண்டும். செலினோ கட்டவில்லை. சீரி சி-யிலும் இடம் போச்சு. 1911ல் தொடங்கிய கிளப்!

இப்போ அந்த ஊருக்கு டீம் இருக்கா? இருக்கு. பக்கத்தில் கார்டா ஏரிக்கரையில் உள்ள சாலோ ஊரின் ஃபெரால்பிசாலோ கிளப்பை, அதன் உரிமையாளர் பிரேசியாவுக்கு மாற்றினார். பெயர் 'யூனியன் பிரேசியா'. அதே பழைய ரிகமோன்டி மைதானத்தில் சீரி சி ஆடுகிறது. 2023ல் முதல்முறையாக சீரி பி-க்கு ஏறி சந்தோஷப்பட்ட சாலோ ஊர்க்காரர்களுக்குத்தான், வரி பாக்கிக்கு சம்பந்தமே இல்லாமல், டீம் போயிடுச்சு.