தடுமாறும் படங்கள்: விளையாட்டு மடிக்கணினியின் குறையறியும் முறை



தில்லி, மும்பை, கொல்கத்தா, புனே முதலிய நகரங்களிற் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பொறியியலோ கட்டடக் கலையோ அசைபடக் கலையோ பயிலும் பிள்ளைகளின் மேசை மீது ‘கேமிங் லேப்டாப்’ எனப்படும் விளையாட்டு மடிக்கணினியை இன்று பரவலாகக் காண்கிறோம். பெயரளவில் விளையாட்டுக் கருவியாயினும் அதன் விலை விளையாட்டன்று. இலட்ச ரூபாயை எட்டும் தொகையை மாதத் தவணையிற் செலுத்தி, படிப்பிற்கும் பொழுதுபோக்கிற்கும் ஒன்றாகவே அமையட்டும் எனப் பெற்றோர் வாங்கித் தருகின்றனர்.

அத்தகைய கருவி ஒரு நாள் தடுமாறத் தொடங்குகிறது. ஓடும் குதிரை இடையிடையே கால் இடறுவது போலத் திரையிற் படம் நின்று நின்று நகர்கிறது. விசிறிகள் இரைகின்றன. பிள்ளை கலங்குகிறான், பெற்றோர் கடைக்கு விரைகின்றனர். ஊர்மொழி முற்றும் பழகாத நிலையில், பழுது பார்ப்பவர் கூறும் காரணத்தை நம்புவதும், கேட்கும் தொகையைக் கொடுப்பதுமன்றி வேறு வழி காணாமல் திகைப்போர் நம்மிற் பலர் உளர். ஆனால் இத்தகைய தடுமாற்றம் கருவியின் உறுப்பு கெட்டதனால் மட்டும் வருவதன்று. மின்சாரம் போதாமை, வெப்பம் மிகுதல், வேலை தவறான சில்லுக்குச் செல்லுதல், மென்பொருட் குழப்பம் ஆகியவற்றாலும் அது வரும். இவற்றை வரிசையாகச் சோதித்த பின்னரே உறுப்பின் மீது ஐயங்கொள்ள வேண்டும். அச்சோதனையை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையை இங்குக் காண்போம்.

முதலில் தடுமாற்றம் என்பது யாதென அறிதல் வேண்டும். திரையில் நாம் காணும் இயக்கம், அடுத்தடுத்துத் தோன்றும் நிலைப்படங்களின் தொடரேயாகும். அந்நிலைப்படம் ஒவ்வொன்றையும் ‘ஃபிரேம்’ என்பர். நொடிக்கு 60 ஃபிரேம்கள் தோன்றவேண்டுமாயின், ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 16.7 மில்லிநொடிக்குள் கணினி வரைந்து முடித்தாக வேண்டும். ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் 900 மில்லிநொடிக்குள் விரைந்து தோன்றி, எஞ்சிய ஒன்று மட்டும் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டதென வைத்துக்கொள்வோம். கணக்கிற்கு அது 60 ஃபிரேம்தான். கண்ணிற்கோ அது தெளிவான இடறல். ஆதலின், சராசரி எண் நன்றாக இருக்கிறது என்பதனால் மட்டும் கருவி நன்றாக ஓடுகிறது என்று கொள்வதற்கில்லை.

அடுத்து, தடுமாற்றம் எப்பொழுது வருகிறது என்பதை உற்று நோக்குதல் வேண்டும். காய்ச்சல் எந்நேரத்தில் ஏறி எந்நேரத்தில் இறங்குகிறது எனக் கேட்டே மருத்துவர் நோயை உய்த்துணர்கிறார் அல்லவா? அதுபோன்றதே இதுவும். தொடங்கிய பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர்த் தளர்ந்தால், வெப்பத்தின் மீது முதல் ஐயம் கொள்ளலாம். தொடக்கம் முதலே மந்தமாக இருப்பின், மின்சாரமோ தவறான சில்லோ காரணமாகலாம். புதிய காட்சி தோன்றும்போது மட்டும் ஒரு கணம் நின்று, அக்காட்சியை மறுமுறை காணும்போது சீராக ஓடினால், அது பெரும்பாலும் மென்பொருளின் முன்னேற்பாட்டு வேலையேயாம். திரை முழுதும் இருண்டு மீண்டும் தெளிந்தால், டிரைவர் எனப்படும் இயக்கு நிரலையோ உறுப்பையோ ஆராய வேண்டும்.

இவ்வுய்த்துணர்வை எண்களால் உறுதி செய்துகொள்ளலாம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதிற் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்னும் பகுதியில் ஒவ்வொரு சில்லும் எவ்வளவு உழைக்கிறது என்பதைக் காணலாம். ‘எச்டபிள்யூஇன்ஃபோ’ என்னும் இலவச நிரல், வெப்பநிலை, வேகம், உறிஞ்சும் வாட் அளவு ஆகியவற்றை விரிவாகக் காட்டும். ஒரே விளையாட்டை, ஒரே காட்சியில், இருபது நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை இவ்வெண்களை ஒரு தாளிற் குறித்து வைத்துக்கொள்க. பின்னர் ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் செய்து, மீண்டும் குறித்துக்கொள்க. மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டால், குறை நீங்கினாலும் எதனால் நீங்கிற்று என்பது விளங்காது.

இனி மின்சாரத்தைக் கவனிப்போம். இவ்வகைக் கணினியின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் வோல்ட், ஆம்பியர் ஆகிய இரண்டும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றிருப்பின் அது 230 வாட் அடாப்டர். மின்கலமோ இவ்வளவு ஆற்றலைத் தொடர்ந்து வழங்க வல்லதன்று. விமானப் பயண விதிகள் தனி அனுமதியின்றி 100 வாட்-மணி வரையிலான மின்கலத்தையே ஏற்பதால், மடிக்கணினி செய்வோர் பெரிய மின்கலத்தையும் அவ்வெல்லைக்குள்ளேயே அமைக்கின்றனர். ஆகவே அடாப்டர் இல்லாதபோது கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது குறையன்று, இயல்பேயாம்.

தில்லியில் நாம் அறிந்த குடும்பமொன்றில், மாணவர் ஒருவரின் மடிக்கணினி திடீரென மந்தமாயிற்று. பழுது பார்க்கும் கடையொன்றில், மதர்போர்டையே மாற்றவேண்டுமெனக் கூறிக் கணினி விலையிற் பாதிக்குமேல் கேட்டனர். அம்மாணவர் கல்லூரி விடுதியில் அடாப்டரைத் தவறவிட்டுவிட்டு, முனை பொருந்துகிறதென்று 90 வாட் அடாப்டர் ஒன்றைச் சில வாரங்களாகப் பயன்படுத்தி வந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. மின்கலம் நிரம்பியது, விளக்கு எரிந்தது, எனவே எவருக்கும் ஐயம் எழவில்லை. தொடங்கும்போது ஓர் எச்சரிக்கை வரி தோன்றி மறைந்ததை எவரும் படிக்கவுமில்லை. உரிய அளவுள்ள அடாப்டரை வாங்கியதும் கணினி பழைய வேகத்தைப் பெற்றது. டைப்-சி முனை வழியே 65 வாட், 100 வாட் சார்ஜர்களைக் கொண்டு விளையாட முற்படுவோரும் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

மின்சாரம் சரியெனக் கண்டபின், வெப்பத்தைப் பார்ப்போம். வரைகலைச் சில்லும் மையச் செயலியும் முழுமூச்சில் உழைக்கும்போது 100 வாட்டிற்கும் மேலான ஆற்றல் வெப்பமாக வெளிப்படுகிறது. பழைய 100 வாட் இழை விளக்கு ஒன்றை ஒரு கணக்குப் புத்தகத்திற்குள் அடைத்து வைத்ததை ஒத்தது இது. சில்லு எரிந்துபோகாதிருக்க, அது தன் வெப்பநிலையைத் தானே அளந்து, எல்லையை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மையச் செயலிக்கு அவ்வெல்லை பொதுவாக 95 முதல் 105 டிகிரி வரையிலும், வரைகலைச் சில்லுக்கு 87 டிகிரியை ஒட்டியும் அமைவதுண்டு. வேகம் குறைந்ததும் சூடு தணிகிறது. தணிந்ததும் வேகம் ஏறுகிறது. ஏறியதும் மீண்டும் சுடுகிறது. இந்த ஏற்ற இறக்கமே திரையில் தடுமாற்றமாகத் தோன்றுகிறது. கருவி கெட்டுவிட்டது என நாம் அஞ்சும் அச்செயல், உண்மையில் கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் செயலாகும்.

விசிறி உள்ளிழுப்பது அறையின் காற்றையே. அறைக்காற்று பத்து டிகிரி மிகுந்தால், சில்லின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு மிகும். மே, ஜூன் மாதங்களில் தில்லியில் 45 டிகிரி வெயில் அரிதன்று. மேற்கேயிருந்து புழுதிக் காற்றும் வீசும். அப்புழுதி, வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய உலோகத் தகடுகளின் இடுக்கில் கம்பளி போலப் படிகிறது. குளிர்காலத்திலோ ரஜாய்க்குள் அமர்ந்து, அதன்மேற் கணினியை வைத்து ஓட்டுகிறோம். அடிப்புறத்துக் காற்றுத் துளைகள் அடைபடுகின்றன. ஆகவே வெளியே குளிராக இருக்கும் சனவரியிலும் உள்ளே வெப்பம் மிகுவதில் வியப்பில்லை.

இதற்கான பரிகாரங்கள் எளியவை. கணினியைக் கெட்டியான பலகையின் மேல் வைத்து, பின்புறத்தை இரண்டு விரல் உயர்த்துக. அணைத்து, மின் இணைப்பை நீக்கிய பின், காற்றூதியாற் புழுதியை அகற்றுக. அப்பொழுது விசிறி தாறுமாறாகச் சுழலாதவாறு மெல்லிய குச்சியால் அதனைத் தடுத்து நிறுத்திக்கொள்க. விளையாட்டின் அமைப்பில் உச்ச எல்லையை நொடிக்கு 60 ஃபிரேம் என வரையறுத்தால், தேவையற்ற உழைப்புக் குறைந்து வெப்பமும் தணியும். சில்லுக்கும் உலோகத் தகட்டிற்கும் இடையிலுள்ள பசை சில ஆண்டுகளில் உலர்ந்துபோவதுண்டு; அதனைப் புதுப்பிக்க மூடியைத் திறக்கவேண்டியிருப்பதால், உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் அதன் விதிகளைப் படித்த பின்னரே அதிற் கை வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, தவறான சில்லு. இவ்வகைக் கணினிகளுள் பெரும்பாலானவற்றில் வரைகலைச் சில்லுகள் இரண்டு உண்டு. ஒன்று மையச் செயலியினுள்ளேயே அமைந்தது. மின்சாரம் குறைவாக உண்பது. கடிதம் எழுதவும் திரைப்படம் காணவும் போதுமானது. மற்றது தனியே பொருத்தப்பட்ட ஆற்றல் மிக்க சில்லு. தேவைக்கேற்ப இவ்விரண்டிற்கும் இடையே வேலையை மாற்றித் தரும் முறையை என்விடியா நிறுவனம் 2010ஆம் ஆண்டில் ‘ஆப்டிமஸ்’ என்னும் பெயரில் அறிமுகப்படுத்தியது. சிற்சில வேளைகளில் வேலை சிறிய சில்லுக்கே போய்விடுகிறது. டாஸ்க் மேனேஜரில் பெரிய சில்லு சும்மா இருக்கச் சிறிய சில்லு மட்டும் திணறுவதைக் கண்டால், காரணம் இதுவென அறியலாம். ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’, ‘கிராபிக்ஸ்’ என வரிசையாகச் சென்று, குறித்த விளையாட்டைத் தேர்ந்து, ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என அமைத்தல் போதும்.

நான்காவது, நினைவகமும் மென்பொருளும். வரைகலைச் சில்லுக்கெனத் தனி நினைவகம் உண்டு. 4 அல்லது 6 கிகாபைட் உள்ள கருவியில் படநயத்தை உச்சத்தில் வைத்தால், இடம் போதாமல் கணினியின் பொது நினைவகத்திற்கு அது ஓடவேண்டியிருக்கும். அவ்வோட்டமே இடறலாகும். ‘டெக்ஸ்சர்’ என்னும் அமைப்பை ஒரு படி குறைத்தல் இதற்குத் தீர்வு. டிரைவரைப் புதுப்பித்த மறுநாளே தொல்லை தொடங்கியிருப்பின், பழைய பதிப்பிற்குத் திரும்பிச் செல்வதில் தவறில்லை. வரைகலைச் சில்லு சுமார் 2 நொடி மறுமொழி தராதிருந்தால், விண்டோஸ் அதனை மீண்டும் தொடக்கி வைக்கிறது. திரை இருண்டு தெளிவதன் காரணம் இதுவாகலாம். எப்பொழுதோ ஒருமுறை நேர்ந்தாற் பொருட்படுத்த வேண்டுவதில்லை. நாள்தோறும் நேர்ந்தால் முதலில் டிரைவரை முழுதும் நீக்கி, கணினி செய்த நிறுவனம் தரும் பதிப்பைப் புதிதாக நிறுவிப் பார்த்தல் வேண்டும்.

இவை யாவும் செய்தும் பயனில்லையாயின், உறுப்பின் பழுதை ஐயுறலாம். அதற்கும் அடையாளங்கள் உண்டு. விண்டோஸ் தொடங்குமுன் தோன்றும் முதல் திரையிலேயே வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால், மென்பொருள் குற்றவாளியன்று. அப்பொழுது வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்க்கவும். அதிலும் அக்கோடுகள் தெரிந்தால் சில்லின் மீதும், கணினியின் சொந்தத் திரையில் மட்டும் தெரிந்தால் அத்திரையின் மீதோ அதற்குச் செல்லும் கம்பியின் மீதோ ஐயங்கொள்ளலாம். திரையை மாற்றும் செலவும் மதர்போர்டை மாற்றும் செலவும் ஒன்றல்ல என்பதை நினைவிற் கொள்க.

கடைக்கோ சேவை நிலையத்திற்கோ செல்லும்போது, கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டு, வாங்கிய பற்றுச்சீட்டையும், கருவியோடு வந்த அடாப்டரையும், எண்கள் குறித்த தாளையும் உடன் கொண்டு செல்க. “சுற்றுப்புறம் 30 டிகிரி, அடாப்டர் 230 வாட், பதினைந்தாம் நிமிடத்தில் சில்லு 87 டிகிரி, அதன்பின் வேகம் பாதி” என்று எண்களைக் காட்டுபவரிடம், ஆராயாமல் பெருந்தொகை கேட்பது எளிதன்று. எண்ணுக்கு இந்தியும் மராட்டியும் வங்காளமும் வேண்டுவதில்லை. உத்தரவாதம் இருந்தும் மறுக்கப்பட்டால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து முறையிடலாம். அங்குத் தமிழிலும் பேச வழியுண்டு.