ஓட்டத்திலிருந்து எடைப் பயிற்சிக்கு

நடை, ஓட்டம், சைக்கிள் போன்ற கார்டியோ பயிற்சிகள் இதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்துகின்றன. ஆனால் தசையையும் எலும்பையும் காக்க அவை மட்டும் போதா. 30 வயதுக்குப் பின் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களின் எலும்பு அடர்த்தியும் வேகமாகச் சரிகிறது.

எடை தூக்கும்போது தசைகள் எலும்பை இழுக்கின்றன. அந்த அழுத்தத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை உறுதிப்படுத்திக்கொள்கிறது. பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்பதால், எடை தூக்கினாலும் உடல் ஆண்களைப்போல் பருத்துவிடுவதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஸ்குவாட், புஷ்-அப், டம்பெல் பயிற்சிகளைச் சரியான முறையில் பழகியபின் எடையைப் படிப்படியாகக் கூட்டலாம். கார்டியோவை அடியோடு விடவேண்டியதில்லை: உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்துடன், 2 நாளாவது தசைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது.