ரயில் தேதியும் கணினித் தேதியும்

நமது சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாறியதைத் தாங்கள் அறிவீர்கள். மாறிய சில வாரங்களிலேயே இரண்டு புகார்கள் வந்தன. ஜூலை 4-ல் பிறந்த ஒரு மாமிக்கு ஏப்ரல் 7-ஆம் தேதி வாழ்த்து போயிற்று. ஏப்ரல் 1 அதிகாலை ஐந்து மணிக்குச் சந்தா அனுப்பிய அன்பர் ஒருவரின் பணம், மார்ச் 31 என்று பதிவாகி முந்தைய ஆண்டுக் கணக்கில் உட்கார்ந்துகொண்டது. பொருளாளர் திணறிப் போனார். ரயில்வேயில் காலம் கழித்தவன் என்பதால் என்னைப் பார்க்கச் சொன்னார்கள்.

எனக்கு இது பழகிய நோய்தான். பல வருடங்களுக்கு முன் மைத்துனர் குடும்பத்துக்குச் சென்னை மெயிலில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். அது மும்பையில் இரவு கிளம்பி, நள்ளிரவு தாண்டித்தான் புனே வரும். டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை தேதி. அவர்கள் வெள்ளி இரவு சாப்பிட்டுவிட்டு, பிம்ப்ரியிலிருந்து லோக்கல் பிடித்துப் போய் நின்றார்கள். அவர்கள் வண்டி அன்று விடியுமுன்பே போய்விட்டிருந்தது. ஒரு நிச்சயதார்த்தம் தவறியது. வீட்டில் இன்றும் குத்திக் காட்டுவார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி அறுபது நாழிகை ஓடுவது. அதன்படி பின்னிரவு இரண்டு மணி இன்னும் வியாழக்கிழமைதான். ரயில்வேக்கோ 0.00 மணிக்கே வெள்ளி பிறந்துவிடுகிறது.

நேரத்திலும் ஒரு காலத்தில் இதே குழப்பம் இருந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஒவ்வொன்றும் தன் சூரியனைப் பார்த்துக் கடிகாரம் வைத்தன. 1802-ல் ஜான் கோல்டிங்ஹாம் சென்னை வானாய்வகத்திலிருந்து கணித்த நேரம், கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. பம்பாய் நேரம் அதற்குச் சுமார் அரை மணி பின்னால். 1870 வாக்கில் ரயில்வேக்கள் சென்னை நேரத்தையே பொது நேரமாகக் கொண்டன. அட்டவணை ஒரே நேரத்தில். ஊர்க் கடிகாரம் அதன் பாட்டுக்கு. 1906-ல் இந்தியத் திட்ட நேரம் வந்த பிறகும் பம்பாய் தன் நேரத்தை 1955 வரை விடவில்லை என்பது வேறு கதை!

கணினியும் இதைத்தான் செய்கிறது. பல தரவுத்தளங்கள் நேரத்தை கிரீன்விச் கணக்கில், அதாவது யூடிசியில் வைத்துக்கொள்கின்றன. திரையில் காட்டும்போது ஐந்தரை மணி கூட்ட வேண்டும். எங்கள் அட்டவணையை அமைத்த பையன் அதைக் கூட்ட மறந்துவிட்டான். ஏப்ரல் 1 காலை 5.00 என்பது யூடிசியில் மார்ச் 31 இரவு 11.30 அல்லவா? அதுவே அப்படியே வந்துவிட்டது. காலை 5.30-க்கு முன் நடந்த எல்லாப் பதிவும் ஒரு நாள் பின்வாங்கியிருந்தது.

பிறந்த நாளுக்கு மருந்து வேறு. அது ஒரு தேதி மட்டுமே. நேரமாக நினைத்து மாற்றவே கூடாது. ஜூலை 4 நள்ளிரவு என்று எழுதி யூடிசிக்கு மாற்றினால் ஜூலை 3 மாலை 6.30 ஆகிவிடும். ஆகவே மைஎஸ்க்யூஎல் போன்றவற்றில் ‘டேட்’ என்ற தனி வகை இருக்கிறது. பிறந்த தேதி அதில்தான் இருக்க வேண்டும். மாமியின் கதை இன்னும் எளிது. 04/07 என்பதை நாம் நாள், மாதம் என்று படிப்போம். அமெரிக்க வழக்கத்தில் மாதம், நாள். நிரல் அமெரிக்க வழக்கில் படித்துவிட்டது.

உள்ளே வைக்கும்போது ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசை நல்லது. 1988-ல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரமும் அதையே சொல்கிறது. இதில் ஒரு லாபம் உண்டு: வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் காலவரிசையே வரும். 04-07-2023 என்று எழுத்தாக வைத்தால் எல்லா ஆண்டுகளின் ஒன்றாம் தேதிகளும் முதலில் வந்து நிற்கும். அட்டவணையில் நமக்குக் காட்டும் கடைசிப் படியில் மட்டும் ‘4 ஜூலை 2023’ என்று மாற்றினால் போதும். மாதத்தை எழுத்தில் காட்டினால் அமெரிக்காவில் இருக்கும் பேரனும் தடுமாறமாட்டான்.

பட்டியல் இப்போது திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் 12-ஆம் தேதிக்குள் பிறந்தவர்களின் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தால் கணினியால் கண்டுபிடிக்க முடியாது. 13-க்கு மேல் என்றால் மாதமே இல்லை என்று அதுவே மறுத்துவிடும். எனவே 1 முதல் 12 வரையிலான தேதிகளில் பிறந்தவர்கள், அடுத்த முறை சங்கத்துக்கு வரும்போது தங்கள் வரியை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.