மீதியை மறவாதீர்!

கணிப்பொறி கணக்கில் தவறாது என்று நாம் நம்புகிறோம். ஆனால் எந்த வகை எண், எந்தக் குறி என்று நாம் சரியாகச் சொல்லாவிட்டால், தவறான விடையையும் அது நொடிப்பொழுதில் தந்துவிடும். பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியைக் கொண்டு இதைக் காண்போமா?

தொடக்கத்தில் நாம் அறிய வேண்டிய எண் வகைகள் இரண்டு. 5, 40, -12 போன்ற முழு எண்கள் ‘இன்ட்’ எனப்படும். 3.5, 98.6 போன்ற தசம எண்கள் ‘ஃப்ளோட்’ எனப்படும். எண்ணுவதற்கு முன்னது; அளப்பதற்குப் பின்னது. வகுப்பில் எத்தனை மாணவியர் என்பது இன்ட். ஒருத்தியின் உயரம் எத்தனை மீட்டர் என்பது ஃப்ளோட்.

கூட்டலுக்கு +, கழித்தலுக்கு -, பெருக்கலுக்கு *, அடுக்குக்கு **. வகுத்தலுக்கு மட்டும் மூன்று குறிகள் உண்டு. 107 மாணவியர் சுற்றுலா செல்கின்றனர், ஒரு பேருந்தில் 25 பேர் அமரலாம் என்று வைத்துக்கொள்வோம்.

107 / 25 = 4.28
107 // 25 = 4
107 % 25 = 7

4.28 பேருந்து என்று ஒன்று இல்லை. இரண்டாவது குறி, நிரம்பிய பேருந்துகள் எத்தனை என்று மட்டும் சொல்கிறது. அத்துடன் நிறுத்தினால் ஏழு பேர் பள்ளி வாசலிலேயே நிற்பார்கள்! அவர்களைக் காட்டுவது மூன்றாவது குறி. இங்கே % என்பது சதவீதம் அன்று, மீதி.

குறிகளுக்கு வரிசையும் உண்டு. முதலில் அடைப்புக்குறி, பிறகு அடுக்கு, அதன்பின் பெருக்கலும் வகுத்தலும், இறுதியில் கூட்டலும் கழித்தலும். 80, 90, 70 ஆகிய மதிப்பெண்களின் சராசரி (80 + 90 + 70) / 3, அதாவது 80. அடைப்புக்குறியை விட்டுவிட்டால் 70 மட்டுமே மூன்றால் வகுபட்டு, விடை 193.33 என வரும். நூற்றுக்கு 193 வாங்கிய மாணவியை யார் கண்டதுண்டு?

தசம எண்ணில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.333 என்று முடிவின்றி நீள்வதை நாம் அறிவோம். கணிப்பொறிக்குத் தெரிந்த இலக்கங்கள் 0, 1 மட்டுமே. அந்த முறையில் 0.1 என்ற எளிய எண்ணும் முடிவின்றி நீளும். ஆகவே ஓரிடத்தில் அதை வெட்டித்தான் சேமிக்க முடியும். பைத்தானில் 0.1 + 0.2 என்று கொடுத்தால் 0.30000000000000004 என வருவது இதனால்தான்.

இத்தனை சிறிய பிழையால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். 1991-இல் வளைகுடாப் போரின்போது, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையின் ‘பேட்ரியாட்’ என்ற ஏவுகணைத் தடுப்புக் கருவி இருந்தது. அதன் கடிகாரம் விநாடியின் பத்தில் ஒரு பங்குகளை எண்ணியது. அதை விநாடியாக்க, வெட்டிச் சேமித்த 0.1-ஆல் பெருக்கியது. சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியதில் பிழை 0.34 விநாடியாக வளர்ந்தது. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பிப்ரவரி 25 அன்று வந்த ஸ்கட்டைக் கருவி தவறான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் உயிரிழந்தனர்.

எனவே தோழியரே, எண்ண வேண்டியதை முழு எண்ணால் எண்ணுவோம். பணத்தையும் 10.50 ரூபாய் என்று எழுதாமல் 1050 பைசா என எண்ணினால் பிழை நேராது. தொண்ணூற்றொன்பது ஆடுகள் இருந்தும் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்றவர் நம் நல்லாயன். கணக்கிலும் மீதி என்று நாம் ஒதுக்கும் சிறு எண்ணுக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கக்கூடும் என்பதை மறவாதிருப்போம்.