சிசுவின் துடிப்புக் குறைந்தால் பொறுத்திருத்தல் தகுமா?

பொறுமை பெண்ணுக்கு அணிகலன் என்று பெரியோர் சொல்வர். ஆயின், பொறுமையே ஆபத்தாய் முடியும் வேளைகளும் உண்டு. கருவுற்ற பெண்ணொருத்தி, தன் வயிற்றிலுள்ள பிள்ளையின் துடிப்பு முன்போல் இல்லையென உணரும் வேளை அத்தகையது. அப்பொழுது அவள் செய்ய வேண்டுவது யாது, வீட்டார் செய்ய வேண்டுவது யாது என்பதை இவ்வாரம் சிறிது விரிவாக நோக்குவோம். தாய்மார் மாத்திரமன்றி, கணவன்மாரும் மாமிமாரும் உயிரியல் கற்கும் மாணவ மாணவியரும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

துடிப்பு எப்பொழுது தோன்றும்?

முதற் பிள்ளையைச் சுமப்பவள் பெரும்பாலும் 18ஆம் வாரத்துக்கும் 20ஆம் வாரத்துக்கும் இடையில் துடிப்பை உணரத் தொடங்குவாள். முன்னரே பிள்ளை பெற்றவள் 16ஆம் வாரமளவிலேயே அதனை அறிந்துகொள்வதுண்டு. தொடக்கத்தில் அது நீரிலே சிறு மீன் புரள்வதுபோல் மெல்லியதாயிருக்கும். நாளடைவில் உதைப்பும் உருளுதலும் நன்கு தெரியவரும். 24 வாரம் நிறைந்தும் துடிப்பே தெரியவில்லையாயின், அதனை வைத்தியரிடமோ குடும்பநல மருத்துவமாதிடமோ தெரிவித்தல் வேண்டும்.

32ஆம் வாரம் வரையில் துடிப்புகள் பெருகிச் செல்லும். அதன் பின்னர் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். சிசுவுக்கும் உறக்கமுண்டு. ஒரு முறை 20 முதல் 40 நிமிடம் வரை அது உறங்கலாம். நலமாயிருக்கும் சிசு 90 நிமிடத்துக்கு மேல் ஒரே உறக்கமாய் உறங்குவது அரிது. பிற்பகலிலும் மாலையிலும் பல சிசுக்கள் உற்சாகமாய் அசையும். தாய் வேலையில் மூழ்கியிருக்கும்போது சில துடிப்புகள் அவளறியாமற் போவதும் இயல்பே. ஒவ்வொரு சிசுவுக்கும் தனித்தனி வழக்கம் இருப்பதால், தன் பிள்ளையின் வழக்கத்தைத் தாய்தான் அறிவாள். அயல்வீட்டுப் பெண்ணின் அனுபவம் இதற்கு அளவுகோலாகாது.

குறைவதற்குக் காரணம் என்ன?

கருப்பையிலுள்ள சிசு தனக்கு வேண்டிய ஒட்சிசனையும் உணவையும் சூல்வித்தகத்தின் மூலமே பெறுகிறது. நஞ்சுக்கொடி என்று நம் வீடுகளில் வழங்குவது இதனையே. தாய்க்கு இரத்த அழுத்தம் மிகுந்தாலும், வேறு காரணங்களால் சூல்வித்தகம் செவ்வனே இயங்காவிட்டாலும், சிசுவுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைகிறது. அவ்வேளையில் சிசு, கிடைப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவைத்துக்கொண்டு கைகால் அசைப்பதைக் குறைத்துக்கொள்கிறது. வருவாய் குறுகிய குடும்பம் அத்தியாவசியச் செலவை மட்டும் செய்து காலங்கழிப்பது போன்றதே இது. ஆகவே, துடிப்புக் குறைதல் சில வேளைகளில் சிசு அனுப்பும் முதற் செய்தியாகும். அதன் இதயம் நின்றுபோகுமுன் நமக்குக் கிடைக்கும் அவகாசமுமாகும். பிள்ளையை இறந்தே பெற்ற தாய்மாருள் பலர், அதற்குச் சற்று முன்னர் துடிப்புக் குறைந்ததை உணர்ந்திருந்தனர் என்பது வைத்திய உலகம் கண்ட உண்மை.

எனினும் வீண் அச்சமும் வேண்டுவதில்லை. சூல்வித்தகம் கருப்பையின் முன்புறத்தில் அமைந்திருந்தால், முதல் மாதங்களில் துடிப்பு மங்கலாய்த் தெரியக்கூடும். துடிப்புக் குறைந்ததென்று ஒருமுறை பரிசோதனைக்குச் செல்லும் பெண்களுள் பெரும்பாலோரின் பிள்ளை நலமாகவே இருக்கக் காண்கிறோம். எது நலம், எது ஆபத்து என்பதைப் பரிசோதனையன்றி எவராலும் பிரித்தறிய முடியாது.

வீட்டிலே நிகழ்வது

பல வீடுகளில் நிகழக்கூடிய உரையாடலொன்றை எண்ணிப் பார்ப்போம்.

"மாமி, காலைமுதல் பிள்ளை அவ்வளவாய்த் துடிக்கவில்லை" என்கிறாள் மருமகள்.

"இது எட்டு மாதமல்லவோ பிள்ளை? உள்ளே இடம் போதாது. அதுதான் அடங்கிக் கிடக்கிறது. குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் குடித்துவிட்டுப் படு. நாளை மறுநாள் கிளினிக்குக்குப் போகத்தானே போகிறாய்!"

மாமியின் சொல்லிலே அன்பு உண்டு. ஆயின் அவர் கூறிய மூன்றும் பிழையானவை. பிரசவம் நெருங்கும்போது அசைவின் தன்மை சற்று மாறலாமேயன்றி, அசைவுகள் குறைதல் இயல்பன்று. பிரசவ வேதனையின்போதும் சிசு அசைந்துகொண்டேயிருக்கும். குளிர்பானமும் இனிப்பும் சிசுவின் நலத்தை அறியும் கருவிகளல்ல. அவற்றை அருந்திவிட்டுக் காத்திருப்பதில் மணித்தியாலங்கள்தாம் வீணாகும். அடுத்த கிளினிக் நாள் வரையிற் பொறுத்திருப்பதோ மிகுந்த ஆபத்து. இரவென்றும் ஞாயிறென்றும் தீபாவளியென்றும் பாராது உடனே புறப்படுதலே தகும்.

இக்காலத்தில் சிலர் சிசுவின் இதய ஒலியைக் கேட்கும் சிறு கருவியை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்திருக்கின்றனர். தாயின் நாடியொலியையே பிள்ளையின் ஒலியென மயங்குதல் எளிது. ஒலி கேட்டாலும், சிசு நலமாயிருக்கிறதென்பதற்கு அது சான்றாகாது. இதனை நம்பி வீட்டில் தங்கிவிடுதல் கூடாது.

எண்ணிக்கையும் உள்ளுணர்வும்

1976ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் காடிஃப் நகரத்து வைத்தியர்களான பியர்சன், வீவர் என்னும் இருவர், தாய்மார் நாள்தோறும் பத்துத் துடிப்பை எண்ணிக் குறிக்கும் முறையொன்றை வெளியிட்டனர். அது பல நாடுகளிலும் பரவியது. பின்னர், ஏறக்குறைய 68,000 பெண்களைக் கொண்டு நடத்தப்பெற்ற பெரும் ஆய்வொன்றின் முடிவு 1989இல் வெளிவந்தது. எல்லாத் தாய்மாரையும் முறையாக எண்ணச் செய்வதனால் மட்டும் சிசு மரணம் குறைந்ததாக அவ்வாய்வு காட்டவில்லை. ஆதலின், எல்லாச் சிசுக்களுக்கும் பொருந்தும் ஓர் எண் உண்டென்று கொள்வதற்கில்லை. எண்ணும்படி கிளினிக்கிலே உங்களுக்குக் கூறியிருந்தால் தவறாது எண்ணுங்கள். ஆனால், பத்து நிறைந்துவிட்ட நாளிலும் வழமைக்கு மாறாய்த் தோன்றினால், அத்தோற்றத்தையே பெரிதாகக் கொள்ளுங்கள்.

28 வாரங்களுக்குப் பின், துடிப்புக் குறைந்ததோ இல்லையோ என்று ஐயம் மாத்திரம் உண்டாயின், வேலைகளை விட்டு இடப்புறமாகச் சரிந்து படுத்து, துடிப்பிலேயே மனத்தைச் செலுத்துக. இரண்டு மணி நேரத்துள் பத்துத் துடிப்பேனும் தெரியாவிடின் வைத்தியசாலைக்குச் செல்க. குறைந்ததென்பது தெளிவாகத் தெரியுமாயின், அல்லது துடிப்பே இல்லையாயின், அந்த இரண்டு மணி நேரமும் காத்திருத்தல் வேண்டா. குருதி கசிந்தாலும், பன்னீர்க்குடம் உடைந்தாலும், கடுமையான தலையிடியோ வயிற்றுவலியோ உண்டானாலும் அவ்வாறே.

வைத்தியசாலையில் என்ன செய்வர்?

சிசுவின் இதய ஒலியைத் தாயின் வயிற்றின்மேல் காது வைத்துக் கேட்கலாமென 1818இல் ஜெனீவா நகரத்து வைத்தியர் மேயர் அறிவித்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிய வைத்தியர் பினார் அமைத்த கேட்குங் குழல் இன்றும் உலகின் பல பாகங்களில் பயன்படுகிறது. இப்பொழுது அதனோடு மின்கருவிகளும் சேர்ந்துள்ளன.

முதலில் இதயத் துடிப்பு உண்டா என்று பார்ப்பர். பின்னர் தாயின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து, வயிற்றின் வளர்ச்சியை அளப்பர். 28 வாரங்கடந்தவர்க்கு, வயிற்றிலே இரண்டு பட்டிகளைக் கட்டி, சிசுவின் இதயத் துடிப்பை ஏறக்குறைய 20 நிமிடமாவது கடதாசியிற் பதிவு செய்வர். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரையான துடிப்பு வழக்கமான அளவாகும். சிசு அசையும்போது அத்துடிப்புச் சற்று விரைவடைதல் நல்ல அடையாளம். இதனால் தாய்க்கு நோவு சிறிதும் இல்லை. வேண்டுமாயின் ஸ்கான் எடுத்து, சிசுவின் வளர்ச்சியையும் பன்னீர்க்குடத்து நீரின் அளவையும் நோக்குவர். ஆபத்து உண்டெனக் காணின், பிரசவத்தை முன்கூட்டியே நிகழ்த்திப் பிள்ளையைக் காப்பாற்றவும் இடமுண்டு.

எல்லாம் நலமென்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பின்னர் மீண்டும் துடிப்புக் குறைந்தால், மீண்டும் செல்லவே வேண்டும். "நேற்றுத்தானே போனோம், இன்றும் போனால் ஏசுவார்களே" என்று கூசுதல் ஆகாது. துடிப்பு அடிக்கடி குறைவதை வைத்தியர் கூடுதலான கவனத்தோடு நோக்குவர்.

வீட்டாரின் கடமை

"மனத்துக்கு ஏதோ சரியில்லை" என்று பிள்ளைத்தாய்ச்சி கூறும் சொல்லை வீட்டார் அற்பமாக எண்ணலாகாது. கர்ப்பகால அட்டையை எடுத்துக்கொண்டு அவளுடன் புறப்படுவது கணவனின் கடமை. தோட்டப் பகுதிகளிலும் ஒதுங்கிய கிராமங்களிலும் வசிப்போர், இரவு வேளையில் எந்த வாகனத்திற் செல்வது, எந்த வைத்தியசாலைக்குச் செல்வது என்பதை ஏழாம் மாதத்துக்கு முன்னரே பேசி முடிவு செய்தல் நன்று. வாகனம் கிடையாத அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் வண்டியை அழைக்கலாம். வீட்டிலுள்ள மூத்த பெண்மணிகளோ, "படுத்துக்கொள்" என்பதற்குப் பதிலாக, "வா பிள்ளை, நானும் வருகிறேன், போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்று சொல்லிப் பழகுவார்களாக.

நலமாயிருக்கும் பிள்ளைக்காக வைத்தியசாலை சென்று திரும்பினால் நமக்கு நட்டமாவது ஓர் இரவின் உறக்கமே. போகாதிருந்து நேரும் நட்டத்தையோ எவராலும் ஈடுசெய்ய இயலாது.