மறந்த கடவுச்சொல் கணினிக்கும் தெரியாது

வீட்டுக் கணினியின் கடவுச்சொல் மறந்துவிட்டதா? கணினிக்குள் தேடிப் பயனில்லை, அதற்கே தெரியாது. மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைக்காத விண்டோஸ் கணக்கில், கடவுச்சொல் 16 பைட் 'ஹேஷ்' குறியீடாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகிறது. அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியுமா? நீங்கள் தட்டச்சு செய்வதையும் அதேபோல் அரைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்திருந்தால் கணினி திறக்கும். எனவே புதுக் கடவுச்சொல் வைப்பதே வழி.

நிர்வாகி உரிமையுள்ள அப்பாவோ அக்காவோ அதை எளிதில் செய்துவிடலாம். சிக்கலும் அங்கேதான். விண்டோஸின் இஎஃப்எஸ் வசதியால் நீங்கள் பூட்டிய கோப்புகளின் சாவி, பழைய கடவுச்சொல்லோடு பிணைந்தது. சாவிக்குத் தனி நகல் இல்லையென்றால் கோப்புகள் போனதுதான். தம்ப்டிரைவில் 'கடவுச்சொல் மீட்டமைப்பு வட்டு' உருவாக்கி வைத்தவர், அதைக் கொண்டு மாற்றினால் அவை தப்பும். கடவுச்சொல் நினைவிருக்கும்போதுதான் அந்த வட்டை உருவாக்க முடியும்.